டிவிடி ரைட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக உங்களில் பலர் விண்டோஸ் 11-க்கு மாறியிருக்கிறீர்கள். அதன் பிறகு நமக்கு வரும் கடிதங்களில் ஒரே கவலை வெவ்வேறு கையெழுத்தில் வந்துகொண்டே இருக்கிறது: "அப்கிரேடு செய்ததிலிருந்து சிடி, டிவிடி ரைட் பண்ண முடியவில்லை." சிலருக்குப் பல வருடமாகப் பழகிய பர்னிங் மென்பொருள் திறக்கவே மறுக்கிறது. சிலருக்குத் திறக்கிறது, ஆனால் ரைட்டர் எதுவும் இணைக்கப்படவில்லை என்கிறது. இன்னும் சிலருக்கு டிவிடி டிரைவின் படமே திரையிலிருந்து காணாமல் போய்விட்டது. கடைக்குக் கொண்டுபோனால், "டிரைவ் போயிடுச்சு, இப்பல்லாம் யாருங்க சிடி யூஸ் பண்றாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்களாம்.

இந்த மாதம் இந்தப் பக்கத்தை அந்தக் கடிதங்களுக்கான பதிலாகவே எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று வரை ஒழுங்காக எழுதிய டிரைவ், அப்கிரேடு செய்த அன்றே பழுதாகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மாறியது இயங்குதளம். பெரும்பாலும் கோளாறாகிக் கிடப்பது, ஏதோ ஒரு பர்னிங் மென்பொருள் என்றோ அந்த இயங்குதளத்துக்குள் வைத்துவிட்டுப்போன ஒரு சிறு நிரல். அதைக் கண்டுபிடிக்க முடியும். பலருக்கு ஒரு ரூபாய் செலவில்லாமல் சரியாகிவிடும்.

யார் இன்னும் சிடி பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இருபது வருடங்களுக்கு முன் கல்யாணம் செய்துகொண்டவர்களின் வீட்டு பீரோவில் ஆல்பத்தோடு சேர்த்து இரண்டு மூன்று டிவிடிக்கள் இருக்கின்றன. ஸ்கேன் எடுத்த இடத்தில் ஃபிலிமோடு சிடியும் தருகிறார்கள். ஒலிப்பதிவையோ வீடியோவையோ ஆதாரமாகத் தாக்கல் செய்யும் வழக்கறிஞர்கள் இன்றும் அதை டிஸ்க்கில் எழுதிக் கொடுக்கிறார்கள். ஊர்க் கோயில் கும்பாபிஷேகம், பள்ளி ஆண்டு விழா, மறைந்துபோன பெரியவர் ஒருவரின் பேச்சு என்று வேறு எங்கும் பிரதி இல்லாத பதிவுகள் எத்தனையோ டிஸ்க்குகளில் மட்டுமே இருக்கின்றன. இவர்களுக்கெல்லாம் டிரைவ் வேலை செய்வது அவசியமான விஷயம். எழுதாவிட்டாலும் படிக்கவாவது அது வேண்டும்.

சரி, அப்கிரேடு செய்தவுடன் ஏன் இப்படி ஆகிறது? இது விண்டோஸ் 11-ல் புதிதாக முளைத்த பிரச்சினை அல்ல. ஒவ்வொரு தலைமுறையிலும் நடந்ததுதான்.

தொண்ணூறுகளில் சிடி ரைட்டர்கள் வீட்டுக்கு வந்தபோது விண்டோஸுக்கு டிஸ்க்கில் எழுதவே தெரியாது. படிக்க மட்டும்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு பர்னிங் மென்பொருளும் தன் வழியைத் தானே கொண்டுவந்தது. அப்போது பலரும் நம்பியிருந்தது அடாப்டெக் நிறுவனம் வகுத்த 'ஆஸ்பி' என்ற இடைமுகத்தை. விண்டோஸ் 95, 98-இல் அது கூடவே வந்தது. எக்ஸ்பியில் வரவில்லை. 98-இலிருந்து எக்ஸ்பிக்கு மாறியவர்களின் பழைய மென்பொருள், ரைட்டரைக் காணோம் என்று சொன்னதற்கு இது ஒரு பெரிய காரணம். 2001-இல் வந்த எக்ஸ்பியில்தான் சிடி எழுதும் வசதி விண்டோஸுக்கு உள்ளேயே முதன்முதலாகச் சேர்ந்தது. டிவிடி எழுதும் வசதி 2007-இல் விஸ்டாவோடு வந்தது. முழு டிஸ்க்கின் பிம்பமான ஐஎஸ்ஓ கோப்பை நேரடியாக டிஸ்க்கில் இறக்கும் வசதி 2009-இல் விண்டோஸ் 7-ல் வந்தது.

இயங்குதளமே எழுதக் கற்றுக்கொண்ட பிறகும் பர்னிங் மென்பொருள்கள் தங்கள் நிரல்களை உள்ளே வைப்பதை விடவில்லை. சிடியைப் பென்டிரைவ் போல நடத்த ஒன்று, போலி டிரைவ் உருவாக்க ஒன்று, நகல் பாதுகாப்புக்காக ஒன்று என்று வைத்தன. இவற்றை 'ஃபில்டர் டிரைவர்' என்பார்கள். ஏரியிலிருந்து வயலுக்கு வரும் வாய்க்காலில் வழியெல்லாம் ஆளாளுக்கு ஒரு மடை கட்டிவைத்தது போன்ற ஏற்பாடு இது. ஒரே ஒரு மடை துருப்பிடித்து இறுகிவிட்டால் போதும், ஏரியில் தண்ணீர் இருந்தாலும் வயலுக்கு வராது. மென்பொருளை நீக்கிய பிறகும் அதன் ஃபில்டர் டிரைவரைத் தேடும் குறிப்பு, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடுவது உண்டு. புதிய விண்டோஸ் அந்தக் குறிப்பைப் பார்த்து அந்த நிரலைத் தேடுகிறது. நிரல் இல்லை, அல்லது புதிய விதிகளுக்கு ஒத்துவரவில்லை. உடனே டிரைவையே நிறுத்திவிடுகிறது.

அந்தப் புதிய விதிகள் எவை என்றும் தெரிந்துகொள்வது நல்லது. விண்டோஸ் 11 முழுக்க 64-பிட் இயங்குதளம். 32-பிட் விண்டோஸுக்காக எழுதப்பட்ட டிரைவர் இதில் ஏறவே ஏறாது. மென்பொருள் 32-பிட்டாக இருந்தாலும் ஓடும். அதன் டிரைவர்தான் ஓடாது. தொண்ணூறுகளின் சில மென்பொருள்களில் நிறுவும் நிரல் 16-பிட்டாக இருக்கும். அது 64-பிட் விண்டோஸில் தொடங்கக்கூடச் செய்யாது. 64-பிட் விஸ்டாவிலிருந்தே முறையான டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவருக்கு அனுமதி இல்லை. இப்போது கூடுதலாக 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு இருக்கிறது. பழைய டிரைவர்கள் பலவற்றை அது தடுத்துவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'கோர் ஐசொலேஷன்' பகுதிக்குப் போனால் ஒத்துவராத டிரைவர்களின் பட்டியலையே அது காட்டும். உங்கள் பழைய பர்னிங் மென்பொருளின் பெயர் அங்கே தெரிந்தால், அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு டிவிடி எழுதுவதற்காகக் கணினியின் காவலைக் கழற்ற வேண்டியதில்லை. வேறு வழி இருக்கிறது.

இனி செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்தால் குழப்பம் இருக்காது.

முதலில் டிரைவுக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறதா? கணினியைத் துவக்கும்போது பயாஸ் திரையில் அதன் பெயர் தெரிகிறதா? அங்கேயே தெரியவில்லை என்றால் விண்டோஸ் மேல் பழியில்லை. மேசைக் கணினியாக இருந்தால் சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்றி மாட்டுங்கள். யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவாக இருந்தால் மின்சாரம் போதாமல் இருக்கலாம். யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர்தான். எழுதும் நேரத்தில் லேசருக்கும் மோட்டாருக்கும் அதைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கும். படிக்கும்போது சரியாக இருந்து எழுதும்போது மட்டும் பாதியில் நிற்கும் டிரைவுகளில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கணினியின் பின்பக்கப் போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். நடுவில் ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இரண்டாவதாக, ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கி டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிவிடி/சிடி-ரோம் டிரைவுகள் என்ற பிரிவைப் பாருங்கள். உங்கள் டிரைவின் பெயர் எந்தக் குறியும் இல்லாமல் இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். மஞ்சள் முக்கோணம் இருந்தால் இரட்டைச் சொடுக்கு செய்து எண்ணைப் படியுங்கள். கோட் 19, 31, 32, 39, 41 ஆகியவற்றில் ஒன்று இருந்தால் நான் மேலே சொன்ன ஃபில்டர் டிரைவர் மீதே முதல் சந்தேகம். முதலில் எளிய வைத்தியம்: அந்தப் பெயரை வலது சொடுக்கி 'அன்இன்ஸ்டால்' கொடுத்துவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிவிடி டிரைவுக்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது; அதுவே மறுபடி கண்டுபிடித்துக்கொள்ளும். டிவிடி டிரைவுக்கென்று தனி டிரைவர் தருகிறோம் என்று இணையத்தில் கூவும் பக்கங்களை நம்பி எதையும் இறக்க வேண்டாம்.

அதில் சரியாகவில்லை என்றால்தான் ரெஜிஸ்ட்ரி. இதற்குப் பழக்கமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரெஜிஸ்ட்ரியில் சாதன வகைகளுக்கான 'கிளாஸ்' பகுதியில் 4டி36இ965 என்று தொடங்கும் நீண்ட பெயர் கொண்ட கோப்புறை ஒன்று இருக்கும். அதுதான் சிடி, டிவிடி டிரைவுகளுக்கானது. அதில் 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோயர்ஃபில்டர்ஸ்' என்ற பெயர்களில் மதிப்புகள் இருந்தால், முதலில் அந்தக் கோப்புறையை எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வைத்துக்கொண்டு, பிறகு அவ்விரண்டை மட்டும் நீக்கி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் உதவிக் குறிப்பிலேயே சொல்லும் வழி இது. பெரிய எச்சரிக்கை ஒன்று: 4டி36இ967 என்று தொடங்கும் கோப்புறை ஹார்ட் டிஸ்க்குக்கானது. கடைசி எண் 5-க்குப் பதில் 7. அங்கேயும் அப்பர்ஃபில்டர்ஸ் இருக்கும். அதை நீக்கினால் கணினியே துவங்காமல் போய்விடும். எண்ணை இரண்டு முறை வாசித்த பிறகே கை வையுங்கள். இந்த வைத்தியத்துக்குப் பின் டிரைவ் திரும்பி வந்தாலும், பழைய பர்னிங் மென்பொருள் தன் நிரல் இல்லாமல் திணறலாம். அதை மறுபடி நிறுவினால் அதே கோளாறு திரும்ப வரலாம். அப்படி வந்தால் குற்றவாளி யார் என்பது தெளிவாகிவிட்டது. அந்த மென்பொருளுக்கு விடை கொடுங்கள்.

பயாஸில் தெரிகிறது, டிவைஸ் மேனேஜரில் மட்டும் அறவே இல்லை என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் மைக்ரோசாஃப்ட் ஒரு வழி சொல்லியிருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் 'அட்டாப்பி' சேவையின் கீழ் 'கண்ட்ரோலர்0' என்ற கோப்புறையை உருவாக்கி, அதில் 'எனம்டிவைஸ்1' என்ற மதிப்பை 1 என்று வைப்பது அந்த வழி. இதையும் பழக்கமுள்ளவரே செய்யட்டும்.

மூன்றாவது கட்டம்தான் மிக முக்கியமானது. எந்த பர்னிங் மென்பொருளையும் திறக்காமல், விண்டோஸை வைத்தே எழுதிப் பாருங்கள். ஒரு வெற்று டிஸ்க்கைப் போட்டு, இரண்டு மூன்று சிறு கோப்புகளை டிரைவின் படத்தின் மேல் இழுத்து விடுங்கள். இந்த டிஸ்க்கை எப்படிப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்று விண்டோஸ் கேட்கும். யுஎஸ்பி போல என்று ஒன்றும், சிடி/டிவிடி பிளேயரில் போடுவதற்கு என்று ஒன்றுமாக இரண்டு தேர்வுகள் இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். எழுதி முடித்துவிட்டால் டிரைவ், டிஸ்க், விண்டோஸின் டிரைவர் மூன்றும் நலம். குறை பழைய மென்பொருளில் மட்டும்தான் என்று உறுதியாகிவிடும். மருத்துவமோ செலவோ தொடங்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதைச் செய்யாமலே நல்ல டிரைவுகள் குப்பைக்குப் போகின்றன.

விண்டோஸும் எழுத மறுத்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, சி டிரைவில் காலி இடம். எழுத வேண்டிய கோப்புகளை விண்டோஸ் முதலில் ஒரு தற்காலிகக் கோப்புறையில் சேர்த்துவைக்கும். முழு டிவிடி என்றால் 4.7 ஜிபிக்கு இடம் வேண்டும். அப்கிரேடு செய்த புதிதில் பழைய இயங்குதளம் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற கோப்புறையில் பல ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதுதான் தடையாக இருக்கக்கூடும். இரண்டு, டிஸ்க்கின் தரம். வேறு கம்பெனி டிஸ்க் ஒன்றைப் போட்டு, வேகத்தைக் குறைத்து எழுதிப் பாருங்கள். அலுவலகக் கணினியாக இருந்தால், டிஸ்க் எழுதுவதையே நிர்வாகி தடை செய்து வைத்திருக்கவும் கூடும், அவரைக் கேளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். "படம் டிவிடி போட்டால் ஓடவில்லை, அதனால் டிரைவ் போய்விட்டது" என்று நினைப்பவர்கள் நிறைய. டிவிடி படங்களை இயக்கும் வசதியை விண்டோஸ் 8-லிருந்தே மைக்ரோசாஃப்ட் பொதுவாகத் தருவதில்லை. டிவிடி படங்கள் எம்பெக்-2 முறையில் இருக்கும். அதை விரிக்க உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. விஎல்சி என்ற இலவச மென்பொருளை நிறுவினால் அதே டிரைவில் அதே படம் ஓடும். அதேபோல, குடும்ப வீடியோக்களை மெனுவோடு டிவிடியாக்கித் தந்த 'விண்டோஸ் டிவிடி மேக்கர்' விஸ்டாவிலும் 7-லும் மட்டுமே இருந்தது, 8-ல் எடுத்துவிட்டார்கள். அதைத் தேடி அலைய வேண்டாம். டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் அந்த வேலையைச் செய்யும். நம் நாட்டு வழக்கப்படி 'பால்' என்ற வீடியோ முறையைத் தேர்ந்தெடுங்கள்: 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டங்கள். எம்பி4 கோப்பை அப்படியே டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, "பழைய பிளேயரில் ஓடவில்லை, பர்னிங் சரியில்லை" என்று எழுதுபவர்களுக்கும் இதுவே பதில். பர்னிங் சரிதான், பழைய பிளேயருக்கு அந்த முறை தெரியாது.

பழைய மென்பொருளுக்கு மாற்றாக எதை எடுப்பது? இங்கே நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2013-இல் வந்தது. அதன் பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை. ஆனாலும் விண்டோஸ் 11-ல் எழுதுகிறது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ மென்பொருள்கள் தடுமாறும்போது இது எப்படி ஓடுகிறது? தனக்கென்று ஒரு டிரைவரை உள்ளே திணிக்காமல், விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் பொது வழியிலேயே கட்டளைகளை அனுப்புவதுதான் காரணம். புதிய பர்னிங் மென்பொருள் தேர்ந்தெடுக்கும்போது இதையே அளவுகோலாக வையுங்கள். எத்தனை வசதி தருகிறது என்பதைவிட, எவ்வளவு குறைவாக உங்கள் கணினிக்குள் கை நுழைக்கிறது என்று பாருங்கள். காசு கொடுத்து வாங்குவதானால், அந்தப் பதிப்பு விண்டோஸ் 11-க்கு உரியது என்று நிறுவனமே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இலவச மென்பொருளை இறக்கும்போது, நிறுவும் திரைகளில் ஒட்டிக்கொண்டு வரும் வேறு நிரல்களின் டிக் குறிகளை எடுத்துவிடுங்கள்.

மேக் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் இதே கதைதான். 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா, 32-பிட் மென்பொருள்கள் அனைத்தையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டது. ஐடிவிடி உள்பட பழைய பர்னிங் மென்பொருள்கள் அதோடு ஓய்ந்தன. ஆனால் வெளி டிரைவை மாட்டி, ஃபைண்டரிலிருந்தே கோப்புகளை டிஸ்க்கில் எழுதும் வசதி இன்னும் இருக்கிறது. லினக்ஸிலும் 2004-இல் கெர்னல் 2.6.8 வந்தபோது, டிரைவுக்கு அனுப்பும் கட்டளைகளை வடிகட்டத் தொடங்கியதால் அதுவரை எழுதிக்கொண்டிருந்த மென்பொருள்கள் திடீரென்று நின்றன. பிறகு அவை சரிசெய்யப்பட்டன. இன்று கே3பி, எக்ஸ்எஃப்பர்ன் போன்றவை நன்றாகவே எழுதுகின்றன. மூன்று இயங்குதளங்களும் சொல்லும் பாடம் ஒன்றே. இயங்குதளத்தின் பொது வழியில் நடந்தவை பிழைத்தன. தனி வழி போட்டுக்கொண்டவை அந்த வழி மூடியதும் நின்றுவிட்டன.

இந்தப் பாடம் மென்பொருளோடு முடியவில்லை. டிஸ்க்கில் நாம் எழுதிவைக்கும் முறைக்கும் இது பொருந்தும். எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது.

ஐஎஸ்ஓ 9660 என்ற கோப்பு முறை 1988-இல் வகுக்கப்பட்டது. அந்த முறைப்படி எழுதிய டிஸ்க்கை இன்றைய விண்டோஸும் மேக்கும் லினக்ஸும் எந்த மென்பொருளும் கேட்காமல் திறக்கின்றன. பின்னால் வந்த யுடிஎஃப் முறையும் அப்படியே. ஆனால் பர்னிங் மென்பொருள்கள் தங்களுக்கே உரிய முறைகளையும் வைத்திருந்தன. நீரோவின் என்ஆர்ஜி பிம்பக் கோப்பு ஓர் உதாரணம். எக்ஸ்பியில் இருந்த பேக்கப் வசதி பிகேஎஃப் என்ற கோப்பில் சேமித்தது. விஸ்டாவிலேயே அதைத் திறக்கும் வசதி போய்விட்டது, தனியாக ஒரு நிரலை இறக்க வேண்டியிருந்தது. பேக்கப் என்ற பெயரில் பத்து டிஸ்க்குகளில் பிரித்து எழுதியவர்கள், அந்தப் பத்தையும் சேர்த்துத் திறக்கும் மென்பொருள் ஓடாததால் இன்று கையைப் பிசைகிறார்கள். டிஸ்க் நன்றாக இருக்கிறது, டிரைவ் நன்றாக இருக்கிறது, உள்ளே இருப்பதை எடுக்க மட்டும் ஆளில்லை. எனவே எதை எழுதினாலும் சாதாரணக் கோப்புகளாக, கோப்புறைகளாக, பொது முறையில் எழுதுங்கள். முழு டிஸ்க்கின் பிம்பம் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ கோப்பாக வையுங்கள். சுருக்கியோ பூட்டியோ சேமிக்கும் வசதிகளைக் குடும்பப் பதிவுகளுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

தமிழில் பெயர் வைக்கும் நமக்குக் கூடுதலாக ஒரு கவனம் தேவை. ஐஎஸ்ஓ 9660 தனியாக இருந்தால் தமிழ்ப் பெயர்களைத் தாங்காது. கோப்புப் பெயர்கள் அடிக்கோடுகளாகச் சிதையும். அதனுடன் ஜோலியட் என்ற நீட்டிப்பு சேர்ந்தால் யூனிகோடு பெயர்கள் நிற்கும். ஆனால் ஜோலியட்டில் ஒரு பெயருக்கு 64 குறியீடுகளே அளவு. 'திருவண்ணாமலை' என்று நாம் எண்ணினால் ஏழு எழுத்து. உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால் கணினிக்கு அது பன்னிரண்டு. ஆகவே நீண்ட தமிழ்ப் பெயர்கள் வால் வெட்டுப்பட்டு நிற்கும். ஒரே மாதிரித் தொடங்கும் இரண்டு கோப்புகள் மோதிக்கொள்ளும். யுடிஎஃப் முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்த நெருக்கடி பெரும்பாலும் இல்லை. பழைய டிஸ்க்குகளில் இருக்கும் தமிழ் ஆவணங்களுக்கும் இதே கதி உண்டு. தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்பதற்கு முன் தட்டச்சு செய்தவை பல, பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாமல், அந்த எழுத்துருவை நிறுவித் திறந்து, யூனிகோடுக்கு மாற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. எழுதத்தக்க சிடியில் பதிவு இருப்பது ஒரு மெல்லிய சாயப் படலத்தில். வெயிலும் வெப்பமும் ஈரப்பதமும் அதற்குப் பகை; நம் ஊரில் மூன்றுக்கும் பஞ்சமில்லை. டிரைவ் இல்லாத மடிக்கணினிகளே இன்று கடைகளை நிறைத்திருக்கின்றன. ஆப்பிள் தன் வெளி டிரைவின் விற்பனையை 2024-இல் நிறுத்தியது. எழுதத்தக்க ப்ளூரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் முடித்துக்கொண்டது. இன்னும் சில வருடங்கள் சென்னை ரிச்சி தெருவில் யுஎஸ்பி டிவிடி டிரைவ் கிடைக்கும். அதற்குப் பிறகும் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அதனால்தான் வேலை செய்யும் டிரைவைத் தூக்கிப் போடாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அதை வைத்துப் பழைய டிஸ்க்குகளைப் படித்து, இரண்டு வேறு இடங்களில் பிரதி எடுத்துக்கொள்ள இதுவே தக்க சமயம். ஒன்று ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும்; இன்னொன்று வேறொரு வீட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலோ, புதிதாக எழுதிய தரமான டிஸ்க்கிலோ இருக்கட்டும். புதிதாக எழுதும்போது 'வெரிஃபை' என்ற தேர்வை விடாதீர்கள். எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்கள் வீணல்ல.

இன்னும் அப்கிரேடு செய்யாதவர்கள் நான்கு வேலைகளை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். பழைய பர்னிங் மென்பொருளின் தனி முறையில் இருக்கும் கோப்புகளை, அது ஓடும்போதே சாதாரணக் கோப்புகளாக மாற்றி எடுங்கள். கோப்புகளைச் சேர்த்துக்கொண்டே போன டிஸ்க்குகளை ஃபைனலைஸ் செய்து மூடுங்கள். மென்பொருளின் உரிம எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அதை முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். போலி டிரைவ் உருவாக்கும் நிரல்களையும் அப்படியே. பிறகு அப்கிரேடு செய்து, முதல் வேலையாக ஒரு டிஸ்க் எழுதிப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் பத்து நாட்களுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வசதி இருக்கிறது. அந்தக் கெடு முடிவதற்குள் உங்கள் வேலைகள் எல்லாவற்றையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இந்த வரிசைப்படி செய்தும் தீரவில்லை என்றால் எங்களுக்கு எழுதுங்கள். எழுதும்போது நான்கு விவரங்களைச் சேருங்கள்: எந்த விண்டோஸிலிருந்து எதற்கு மாறினீர்கள், டிவைஸ் மேனேஜர் காட்டும் கோட் எண் என்ன, பர்னிங் மென்பொருளின் பெயரும் பதிப்பும் என்ன, விண்டோஸை வைத்தே எழுதிப் பார்த்ததில் என்ன நடந்தது. இந்த நான்கும் இருந்தால் எங்களால் ஊகமாக அல்லாமல் தெளிவாகப் பதில் சொல்ல முடியும். தாங்களே சரிசெய்தவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். வாசகர் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கிவைத்திருக்கிறோம். உங்கள் தெருவில் இப்படி ஒரு டிரைவோடு திண்டாடும் பெரியவர் யாராவது இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வெற்று டிஸ்க்கோடு அவர் வீட்டுக்குப் போய் அந்த மூன்றாவது கட்டச் சோதனையைச் செய்துகொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்